வில் தளர்ந்ததா, வளைவு தளர்ந்ததா?

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணி ஓட்டுவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களிடையே இங்கிலாந்தின் லாண்ட் ரோவருக்குத் தனி மதிப்பு உண்டு. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஓடிய அத்தகைய வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கத் தொடங்கியதும், 'ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும்' என்ற பேச்சு எழுகிறது. உடனே அறிவுரைகளும் வந்து குவிகின்றன. அவற்றைச் சுருக்கினால் மூன்றே வாக்கியங்களில் அடங்கும். ஒன்று: 'பழைய வில் வலுவிழந்துவிட்டது, இதைவிட விறைப்பானதைப் போடு.' இரண்டு: 'பிளேட்டு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.' மூன்று: 'காட்டுப் பாதையில் போகும் வண்டிக்கு விறைப்பும் உயரமுமே தேவை.'

இந்த மூன்று அறிவுரைகளையும் இயற்பியல் என்னும் உரைகல்லில் உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது பணத்தோடு மட்டும் நின்றுபோகும் விஷயம் அன்று. தவறான வில்லைப் பூட்டிய வண்டி, ஓட்டுபவரின் முதுகெலும்பைச் சோதிக்கும். சரிவான தடத்தில் எளிதில் கவிழும். ஆகவே வாசகர்கள் கணக்கைக் கண்டு அஞ்சாமல் உடன் வருமாறு கேட்டுக்கொள்கிறேன். பெருக்கலும் வர்க்கமூலமும் தெரிந்தால் போதும்.

வண்டியும் அதன் வில்லும்

ரோவர் நிறுவனம் 1948இல் முதல் லாண்ட் ரோவரை வெளியிட்டது. அக்காலத்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் உடற்பகுதியை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை எனப் பெயர் மாறி 1985 வரை அந்த மரபு நீடித்தது. அந்த வண்டிகள் அனைத்திலும் முன் அச்சையும் பின் அச்சையும் தாங்கியவை பட்டை விற்கள்தாம். வில்லிஸ் ஜீப்பிலும், அதன் வழிவந்து நம் நாட்டில் ஓடிய ஜீப்புகளிலும் இதே அமைப்பைத்தான் காண்கிறோம். நமக்குப் பட்டை வில் புதிதன்று. அதைப் பூட்டிய மாட்டு வண்டிக்கு 'வில்வண்டி' என்று பொருத்தமாகவே பெயர் வைத்தவர்கள் நாம்.

நீளமான ஒரு பிளேட்டின் அடியில் அதைவிடக் குட்டையானது, அதனடியில் இன்னும் குட்டையானது என்று அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் இறுக்கினால் பட்டை வில் ஆயிற்று. நீளமான மெயின் பிளேட்டின் இரு முனைகளும் கண்போலச் சுருட்டப்பட்டு சேஸியோடு இணைகின்றன. நடுப்பகுதி 'யூ' போல்ட்டுகளால் அச்சோடு பிணைக்கப்படுகிறது. எனவே இந்த வில் பாரத்தைத் தாங்குவதோடு நிற்பதில்லை. அச்சை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் வேலையும் இதனுடையதே.

மூன்று குணங்கள், ஒரே சொல்

'வலு' என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு குணங்களைக் குறிப்பதுதான் குழப்பத்தின் வேர். வில்லை ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்த எவ்வளவு விசை வேண்டும் என்பது விறைப்பு. பாரமே இல்லாதபோது வில் எவ்வளவு குவிந்து நிற்கிறது என்பது வளைவு. நிரந்தரமாக உருக்குலையாமல் எவ்வளவு விசையைப் பொறுக்கும் என்பது வலிமை. இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை அல்ல. விறைப்பு மாறாமலே வளைவு போய்விடலாம். வலிமை கூடினாலும் விறைப்பு அப்படியே இருக்கலாம்.

ராபர்ட் ஹூக் தாம் கண்ட மீட்சி விதியை 1676இல் எழுத்துகளை மாற்றிப்போட்ட புதிராக வெளியிட்டு, 1678இல் அதை விடுவித்தார். விசைக்கு ஏற்ற விகிதத்தில் நீட்சி என்பதே அவ்விதி. அந்த விகிதம் பொருளின் வடிவையும் அளவையும் சார்ந்திருப்பதோடு, பொருளுக்கே உரிய ஒரு குணகத்தையும் சார்ந்தது. தாமஸ் யங்கின் பெயரால் அதை யங் குணகம் என்கிறோம். எஃகுக்கு அதன் மதிப்பு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2 லட்சம் நியூட்டன். சாதாரண எஃகானாலும், வில் செய்யப் பயன்படும் சிலிக்கான்–மாங்கனீசு எஃகானாலும் இந்த எண் பெரிதாக மாறுவதில்லை. உலையில் காய்ச்சித் தோய்ப்பதால் எஃகின் வலிமை பலமடங்கு உயரும். யங் குணகம் அசைவதில்லை. 'உயர்ந்த ரக எஃகு, ஆகவே அதிக விறைப்பு' என்ற விளம்பர வாக்கியம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

முதல் அறிவுரை: வில் வலுவிழந்துவிட்டதா?

யங் குணகம் வயதால் குறைவதில்லை என்றால், பழைய வண்டி ஏன் தாழ்ந்து நிற்கிறது? பல்லாண்டுகளாகப் பெரும் பாரமும் குலுக்கலும் பட்டு, பிளேட்டின் சில பகுதிகள் மீட்சி எல்லையை அவ்வப்போது சிறிதே தாண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளைவு திரும்பி வராமற் போயிற்று. அதாவது குறைந்தது வளைவு. விறைப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. பட்டறையில் 'ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது' என்பார்கள். 'வலுவிழந்தது' என்பதைவிட இச்சொல்லே உண்மைக்கு நெருக்கமானது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. துரு பிளேட்டைத் தின்றிருந்தால் விறைப்பும் குறையும். விறைப்பு தடிப்பின் கனத்துக்கு, அதாவது மும்மடிக்கு, நேர் விகிதத்தில் உள்ளது. தடிப்பில் பத்தில் ஒரு பங்கு போனால் விறைப்பில் 27 விழுக்காடு போய்விடும். அத்தகைய வில்லையும், பிளேட்டு ஒடிந்த அல்லது கீறல் விட்ட வில்லையும் மாற்றியே தீரவேண்டும்.

இனி, வளைவின் நோய்க்கு விறைப்பை மருந்தாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஒரு சக்கரத்தின் வில் 300 கிலோகிராம் தாங்குவதாகவும், அந்தப் பாரத்தால் அது 10 செ.மீ. அமிழ்வதாகவும் கொள்வோம். விறைப்பு சென்டிமீட்டருக்கு 294 நியூட்டன். இந்த வில் 4 செ.மீ. உட்கார்ந்துவிட்டது. இழந்த உயரத்தை வளைவால் மீட்காமல் விறைப்பால் மட்டும் மீட்க வேண்டுமானால், புதிய வில் அதே பாரத்துக்கு 6 செ.மீ. மட்டுமே அமிழ வேண்டும். விறைப்பு 490 நியூட்டன் ஆகிவிடும். பழையதைப்போல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு.

வண்டி இப்போது நிமிர்ந்து நிற்கும். ஆனால் பயணம் என்ன ஆகிறது? வில்லின் மேல் அசையும் உடலின் அதிர்வெண்ணுக்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு. அமிழ்வைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால், வினாடிக்கு எத்தனை அதிர்வுகள் என்பது கிடைக்கும். 10 செ.மீ. அமிழ்வுக்கு 1.6, 6 செ.மீ. அமிழ்வுக்கு 2. வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை வரையிலான மெதுவான ஆட்டம் உடலுக்கு இதமானது. 4 முதல் 8 வரையிலான அதிர்வுகளே உட்கார்ந்திருப்பவரின் உடலை மிகவும் வருத்துபவை. அமிழ்வைக் குறைக்கும் ஒவ்வொரு மாற்றமும் நம்மை அந்தத் திசையில் தள்ளுகிறது.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். சக்கரம் 3 செ.மீ. உயரமுள்ள கல்லில் சட்டென்று ஏறுகிறது. முதல் வில்லில் உடற்பகுதிக்குக் கிடைக்கும் உந்தல் ஈர்ப்பு முடுக்கத்தில் பத்தில் மூன்று பங்கு. இரண்டாவதில் ஆறில் மூன்று, அதாவது சரிபாதி. நிமிர்ந்து நிற்பதற்கு நாம் கொடுத்த விலை இது. அதே விறைப்பும் பழைய வளைவும் கொண்ட வில்லை வாங்கியிருந்தால் இந்த விலை கொடுக்கத் தேவையே இல்லை.

இரண்டாம் அறிவுரை: பிளேட்டை எண்ணலாமா?

பட்டை வில்லின் விறைப்பு பிளேட்டுகளின் எண்ணிக்கைக்கும் அகலத்துக்கும் நேர் விகிதத்திலும், தடிப்பின் மும்மடிக்கு நேர் விகிதத்திலும், நீளத்தின் மும்மடிக்கு எதிர் விகிதத்திலும் உள்ளது. அகலமும் நீளமும் சமமாக உள்ள மூன்று விற்களை ஒப்பிடுவோம். முதலாவதில் 6 மி.மீ. பிளேட்டு 9, இரண்டாவதில் 7 மி.மீ. பிளேட்டு 6, மூன்றாவதில் 8 மி.மீ. பிளேட்டு 4. தடிப்பின் மும்மடியை எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். முறையே 1944, 2058, 2048 என வரும். ஒன்பது பிளேட்டு வில்லைவிட நான்கு பிளேட்டு வில் விறைப்பானது! எண்ணிக்கையை மட்டும் சொல்லி வில் கேட்பவர், மூட்டையின் அளவைச் சொல்லாமல் 'நான்கு மூட்டை' என்று நெல் கேட்பவருக்கு ஒப்பானவர்.

அப்படியானால் ஏன் பல பிளேட்டுகள்? வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரே அளவான இரண்டு மூங்கில் பத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரு முனைகளையும் தாங்கி, நடுவில் எடை தொங்கவிடுங்கள். ஒரு பத்தை அமிழ்ந்ததில் பாதிதான் இவை அமிழும். பிறகு அவற்றை வச்சிரத்தால் நன்றாக ஒட்டிக் காயவைத்துச் செய்து பாருங்கள். இப்போது எட்டில் ஒரு பங்கே அமிழும். ஒட்டாத பத்தைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன; ஒட்டியவை ஒரே தடித்த கட்டையாகிவிடுகின்றன. வழுக்கும் மெல்லிய பிளேட்டுகள் நிறைய வளையும், ஆயினும் ஒடியா. பல அடுக்கின் பயன் இந்த நெகிழ்ச்சிதான். 'நிறையப் பிளேட்டு இருந்தால் நிறைய விறைப்பு' என்று கொள்வது அமைப்பின் நோக்கத்தையே தலைகீழாகப் படிப்பதாகும்.

வழுக்கும்போது உராய்வு உண்டு. துருப்பிடித்த அடுக்கில் அது மிகுதி. சிறிய மேடுபள்ளங்கள் தரும் விசை உராய்வை வெல்லாதபோது வில் வளைவதே இல்லை. அதிர்ச்சி நேராக இருக்கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே உட்கார்ந்துபோன பழைய வில் ஒரே சமயத்தில் தாழ்வாகவும் கடுமையாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து இன்னும் ஒரு பிளேட்டைச் சேர்ப்பதன்று. அடுக்கைக் கழற்றி, துருவைச் சுரண்டி, கிராபைட் கலந்த கிரீஸ் பூசிப் பூட்டுவதே முதல் சிகிச்சை.

மூன்றாம் அறிவுரை: காட்டுப் பாதைக்கு விறைப்பா?

கரடுமுரடான தடத்தில் வண்டி முன்னேற வேண்டுமானால் நான்கு சக்கரங்களும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பள்ளத்தின் மேல் ஒரு சக்கரம் வரும்போது வில் விரிந்து அதைக் கீழே இறக்குகிறது. வில்லில் ஏற்றப்பட்ட பாரம் முழுவதும் தீர்ந்துபோகும் வரைதான் அது சக்கரத்தை அழுத்த முடியும். அந்தத் தூரம் எவ்வளவு? நாம் முன்பு கண்ட அமிழ்வேதான். 10 செ.மீ. அமிழும் வில் ஏறத்தாழ 10 செ.மீ. பள்ளம் வரை சக்கரத்தைத் தரையில் அழுத்தும். 6 செ.மீ. அமிழும் வில் அதற்குமுன்பே கைவிட்டுவிடும். பிடிப்பிழந்த சக்கரம் அந்தரத்தில் சுழல, சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள அச்சில் மறு சக்கரமும் இழுவையை இழந்து நிற்கும். இதமான பயணத்தையும் தரைப் பிடிப்பையும் தீர்மானிப்பது ஒரே எண் என்பது மாணவர்கள் மனத்தில் பதிக்க வேண்டிய செய்தி.

இதற்குச் சான்று அந்த நிறுவனமே. 1970இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவருக்கு அவர்கள் நீண்ட அசைவுள்ள சுருள் விற்களைப் பூட்டினார்கள். பாரத்துக்கேற்பப் பின்புற உயரத்தைத் தானே சரிசெய்யும் ஒரு கருவியையும் பின் அச்சுக்கு வைத்தார்கள். காட்டுப் பாதையில் அது பின்தங்கவில்லை. 1983, 1984ஆம் ஆண்டுகளில் வந்த புதிய லாண்ட் ரோவர்களும் சுருள் வில்லுக்கு மாறின.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். இரண்டாம் வரிசை வண்டியின் சக்கர இடைவெளி ஏறத்தாழ 131 செ.மீ. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், அசையாது நிற்கும் வண்டி பக்கவாட்டில் 43 பாகைச் சரிவில் கவிழும் எல்லையை அடைகிறது. மையத்தை 5 செ.மீ. உயர்த்தினால் எல்லை 41 பாகையாகிறது. இவை விற்கள் சாய்வதைக் கணக்கில் கொள்ளாத எண்கள். ஓடும் வண்டிக்கு எல்லை இன்னும் குறைவு. இரண்டு பாகை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் வளைவான மலைச் சாலையில் நாம் வீணாக விட்டுக்கொடுக்கக் கூடிய பொருளன்று அது.

இங்கே நடுநிலை தவறக்கூடாது. விறைப்புக்கும் நியாயம் உண்டு. பின் வில் ஒவ்வொன்றிலும் வெறுமனே 200 கிலோ, பாரம் ஏற்றினால் 400 கிலோ என்றால், நம் 294 நியூட்டன் வில்லில் வண்டி 7 செ.மீ. அளவுக்குத் தாழ்ந்துவிடும். நாள்தோறும் மூட்டை சுமக்கும் வண்டிக்கு விறைப்பான பின் வில்லோ, பெரும் பாரத்தில் மட்டும் வேலைக்கு வரும் துணைப் பிளேட்டோ தேவைதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெறுமனே ஓடும் வண்டிக்கு அதே வில் தண்டனை. வேலையைக் கேளாமல் வில்லைச் சொல்லும் அறிவுரையே குறைக்குரியது.

பரவளைவு வில்

இன்று பழைய லாண்ட் ரோவர்களுக்குப் பரவளைவுப் பிளேட்டு விற்கள் கிடைக்கின்றன. தாங்குமுனையிலிருந்து நடுவை நோக்கிச் செல்லச் செல்ல வளைக்கும் திருப்புத்திறன் நேர் விகிதத்தில் கூடுகிறது. பிளேட்டின் தாங்குதிறனோ தடிப்பின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே தடிப்பை முனையிலிருந்துள்ள தூரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமைத்தால், நீளம் முழுதும் தகைவு சமமாகிவிடும். தடிப்பின் வரைபடம் பரவளைவு, பெயர்க்காரணம் அதுவே. பிளேட்டுகள் நடுவிலும் முனைகளிலும் மட்டுமே தொடுவதால் உராய்வு மிகக் குறைவு, எடையும் குறைவு. இது உண்மையான முன்னேற்றம்.

ஆயினும் புகழ்ச்சியோடு சேர்த்துச் சொல்லவேண்டியவை இரண்டு. பழைய அடுக்கில் உராய்வே ஓரளவு அதிர்வைத் தணித்தது. புதிய வில்லில் அந்த வேலை முழுதும் ஷாக் அப்சார்பரின் தலையில் விழுகிறது. அதையும் சேர்த்து மாற்றாவிட்டால் வண்டி ஊஞ்சலாடும். மேலும், இரண்டே பிளேட்டுள்ள வில்லில் ஒன்று ஒடிந்தால் பாதி போயிற்று. பத்துப் பிளேட்டில் ஒன்று ஒடிந்தால் பத்தில் ஒரு பங்கே போகும்.

வாங்குமுன் அளந்து பாருங்கள்

அளவுகோலும் இரண்டு சிமெண்டு மூட்டைகளும் இருந்தால் விறைப்பை நீங்களே காணலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்புறத்தை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, அச்சுக்கும் சேஸிக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து குறியுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் நசுங்கலும் சேர்ந்துவிடும். ஆகவே அச்சிலிருந்தே அளக்க வேண்டும். பின் அச்சுக்கு நேர் மேலே, வில்லுக்கு ஒன்றாக 50 கிலோ மூட்டைகளை வைத்து மீண்டும் அமுக்கிவிட்டு அளவெடுங்கள். 490 நியூட்டனை இடைவெளி குறைந்த சென்டிமீட்டரால் வகுத்தால் விறைப்பு கிடைக்கும். மூட்டையை இறக்கியபின் அளவு பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால், அந்த வேறுபாடு உராய்வின் அடையாளம். எடை மேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்து, அச்சு, சக்கரங்களின் எடையைக் கழித்துப் பாதியாக்கினால் ஒவ்வொரு வில்லும் தாங்கும் பாரம் தெரியும். இரண்டையும் கொண்டு அமிழ்வைக் கணக்கிட்டு, முன் சொன்ன வாய்பாட்டில் போடுங்கள்.

பிறகு வாங்கச் செல்லுங்கள். விறைப்பு என்ன, பாரமற்ற நிலையில் வளைவு என்ன, நீளம் என்ன என்று கேளுங்கள். லாண்ட் ரோவரில் ஓட்டுநர் பக்கத்து வில்லும் மறுபக்கத்து வில்லும் ஒன்றல்ல என்பதை மறவாதீர்கள். ஓட்டுநர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். பக்கத்து இருக்கை காலியாகவும் இருக்கும். எனவே ஓட்டுநர் பக்கத்துக்குக் கூடுதல் வளைவு கொடுத்தார்கள். இடம் மாற்றிப் பூட்டினால் புது வில்லிலும் வண்டி சாயும். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் கனமானது. முன் வில்லும் அதற்கேற்ப வேறுபடும்.

பழைய வில்லையே மறுபடி வளைப்பதானால், பிளேட்டு தேயாமலும் கீறாமலும் இருக்க வேண்டும். உலையில் பழுக்கக் காய்ச்சி அடித்துவிட்டு, முறைப்படி எண்ணெயில் தோய்த்துப் பதப்படுத்தாமல் விட்டால், விறைப்பு அப்படியே இருக்கும், வலிமை போய்விடும். சில மாதங்களில் வில் மறுபடியும் உட்கார்ந்துவிடும்.

பாடநூலுக்கும் ஒரு சொல்

இவ்வளவு குழப்பத்துக்கும் பட்டறையை மட்டும் குறைசொல்வது நியாயமன்று. நம் வகுப்புகளில் வில் என்றால் ஆணியில் தொங்கும் எடையற்ற சுருள். அதன் விறைப்பு கணக்கிலேயே கொடுக்கப்பட்டுவிடும். அந்த எண் எங்கிருந்து வந்தது, தடிப்பை மாற்றினால் என்னவாகும், நிரந்தரமாக வளைந்த வில்லின் விறைப்பு குறையுமா என்று நாம் மாணவனைக் கேட்பதில்லை. அதனால் ஹூக் விதியை எழுதி முழு மதிப்பெண் பெற்றவனும் வண்டி சாய்ந்தால் 'வலுவான ஸ்பிரிங்' என்றே கேட்கிறான். விறைப்பு, வளைவு, வலிமை என்ற மூன்றையும் பிரித்துக் காட்டும் ஒரே ஒரு செய்முறை, இரண்டு மூங்கில் பத்தைகளோடு, எந்தப் பள்ளியிலும் நடத்தக்கூடியதே.

எனவே, வாசகரே, அடுத்த முறை யாராவது 'ஸ்பிரிங் போய்விட்டது' என்று சொன்னால், போனது எது என்று கேளுங்கள். வளைவு போயிருந்தால் வளைவை மீட்கட்டும். பிளேட்டு தேய்ந்திருந்தால் பிளேட்டை மாற்றட்டும். துரு பிடித்திருந்தால் துருவை நீக்கட்டும். இவற்றுள் எதற்கும் 'இன்னும் விறைப்பாக' என்பது விடையன்று.